யானைக்கசத்தில் மீன் குடிவந்த மாதம்

யானைக்கசத்துத் தூண்டில்காரர்களிடம் உலகத்தில் எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஊரைத் திரட்டுகிற வேலையை மட்டும் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் வாயைத் திறந்தால் மீன் ஓடிவிடும் என்று பழகிய கூட்டம் அது, பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து, பெண்ணாகவே பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்த ஆட்கள் அதில் உண்டு. அப்பேர்ப்பட்டவர்கள் தலையில்தான் குருவி தலையில் பனங்காயாக அந்தச் செய்தி வந்து விழுந்தது. ஆற்றங்கரை மீன்பண்ணையை மூடப்போகிறார்கள், பொதுமக்கள் யாரும் அதில் ஆர்வம் காட்டவில்லையாம், வேண்டும் என்கிறவர்கள் அதிகாரி வருகிற அன்றைக்குப் பண்ணைத் திடலில் கூடிச் சொல்லலாமாம்.

பண்ணை என்றால் மாடமாளிகை ஒன்றும் இல்லை. கசம் என்கிற ஆற்று மடுவுக்கு மேற்கே மருதமரங்களின் அடியில் சில சிமெண்டுத் தொட்டிகள், ஒரு மோட்டார் அறை, சங்கரபாண்டி என்கிற காவல்காரர், அவ்வளவுதான். ஆனால் ஆற்றில் மணல் இருந்த காலத்தில் மணலில் முட்டையிட்டுப் பழகிய கெண்டைகளுக்கு, மணலெல்லாம் லாரி ஏறிப் போன பிறகு பிரசவ ஆஸ்பத்திரி அந்தத் தொட்டிகள்தான், வருஷாவருஷம் அங்கே பொரித்த குஞ்சுகளை விரல் நீளம் வரும்வரை வளர்த்து, மழையில் ஆறு நிறம் மாறியதும் கசத்தில் விடுவார்கள், விட்டதால்தான் ஆற்றில் மீன் இருந்தது. ஊருக்கு இது தெரியாது. தலையில் முடி முளைக்கிற மாதிரி ஆற்றில் மீன் தானாக முளைக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது, அதனால் பண்ணை இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்த மைதானம் வரப்போகிறது என்று கேட்டபோது, நல்லதுதானே, கோயில் கொடை விழாவுக்கு வருகிறவர்கள் காரை எங்கே விடுவார்கள் பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது.

தூண்டில்காரர் சங்கத்தின் செயலாளர் மரகதவல்லி. சங்கத்தில் இருந்த ஒரே பெண்ணும் அவள்தான். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், பஸ் நிலையத்துக்கு எதிரே ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருந்தாள். அளவெடுக்கக் கையை விரித்து நிற்கிற பெண்களுக்கு என்ன மாயமோ, டேப் மேலே பட்டதும் மனசு திறந்துகொள்ளும், மாமியார் செய்தது, நாத்தனார் சொன்னது, புருஷன் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் அவள் காதில் கொட்டிவிட்டு லேசாகித் திரும்பிப் போவார்கள், வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு நிற்கும் மரகதவல்லி ஒரு பதிலும் சொல்ல முடியாமல் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொள்வாள். வாங்கியதை எங்கே இறக்குவது? விடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கசத்துக்குப் போய், தங்கூசி என்கிற நைலான் நரம்பைத் தண்ணீரில் விட்டு, தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், தக்கை முங்குகிற அந்த ஒரு நொடியில் ஊர்ப் பாரமெல்லாம் அவள் தோளிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விடும். அது இல்லாமல் போனால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். மீனில்லாத ஆற்றில் தக்கை முங்காது என்பதும் தெரியும். ஆகவே மற்றவர்களுக்குப் பண்ணை எப்படியோ, அவளுக்கு அது உயிர் விஷயம்.

ஆதரவு திரட்டப் புறப்பட்டார்கள். சங்கத் தலைவர் சாகுல் அமீது, சைக்கிள் கடைக்காரர், டீக்கடைப் பக்கம் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனவர், தூண்டில் போட்ட மாதிரி ஓரமாக நின்று, யாராவது தானாக வந்து விசாரிப்பார்கள் என்று வெயில் ஏறும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

"ஒருத்தரு வந்தாரு மரகதம். கிட்டக்க வந்து ஒரு சுத்துச் சுத்தினாரு. பெறகு என்னமோ நெனச்சுப் போயிட்டாரு. பெரிய ஆளு" என்று, கைநழுவிப் போன மீனைக் காட்டுகிற மாதிரி இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.

"நீங்க கூப்பிட வேண்டியதுதான பாய்?"

"கூப்பிட்டா ஓடிருவாருன்னு நெனச்சேன்."

சங்கத்தில் இருந்த கோமதிநாயகம் வாத்தியார் மைக் வைத்துப் பேசினார். ஆற்றங்கரைப் பழக்கத்தில் அவர் குசுகுசுத்ததைக் கேட்டு மைக் செட்டுக்காரரைத்தான் ஊர் திட்டியது. மரகதவல்லி வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு பெண்ணிடமும் பண்ணையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள், அவர்களோ அவள் பேசுவதைக் கேட்டுத் திகைத்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

அதிகாரி வருகிற கூட்டத்துக்கு நாள் குறித்த பிறகு, தொட்டியிலிருந்த குஞ்சுகளை வேறு ஊருக்கு ஏற்றிப் போக லாரி வந்தது. தொட்டிகளில் தண்ணீர் இருந்தது, அதில் மருதமரத்து நிழல் இருந்தது, குஞ்சு ஒன்றுகூட இல்லை. செத்து மிதக்கவும் இல்லை, மடை வழியே போன தடமும் இல்லை. "நேத்து சாயங்காலம் தவிடு போட்டேன், நல்லாத்தான் தின்னுச்சு" என்று சங்கரபாண்டி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். லாரி காலி டிரம்களோடு கடகடவென்று திரும்பிப் போனது.

ஊரில் முதல் குஞ்சைக் கண்டது மீன்காரி அந்தோணியம்மாள். கடற்கரையிலிருந்து யானைக்கசத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், புருஷன் போன பிறகு தனியாக இருந்தவள், முதல் பஸ்ஸில் வரும் கடல்மீனைக் கூடையில் வாங்கிச் சந்தையில் வெட்டி விற்கிறவள். அன்றைக்குக் காலையில் பல் விளக்கச் சொம்பைத் தூக்கினாள். உள்ளே ஊசி மாதிரி ஒரு கெண்டைக்குஞ்சு நின்றுகொண்டு அவளைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள். "வந்ததுதான் வந்த, சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு, சொம்பைக் கீழே வைத்து, வேறு பாத்திரத்துத் தண்ணீரில் பல் விளக்கினாள், அவ்வளவுதான் அவள் பட்ட ஆச்சரியம்.

அதே நேரத்தில் ஊர் முழுக்க மூடி திறக்கிற சத்தம் கேட்டது, குடத்தில் ஒன்று, அண்டாவில் ஒன்று, அம்மன் கோயில் தீர்த்தச் செம்பில் ஒன்று, பள்ளிவாசலில் கைகால் கழுவும் தொட்டியில் ஒன்று, மாதா கோயில் வாசல் தீர்த்தக் கிண்ணத்தில் ஒன்று, சலூன்கடைக் கிண்ணத்தில் ஒன்று, இஸ்திரிக்காரர் துணிக்குத் தெளிக்கிற சொம்பில் ஒன்று, பென்ஷன்காரர் பல்செட்டை ஊறப்போட்டிருந்த டம்ளரில் பல்செட்டுக்கு நடுவே புகுந்து புகுந்து விளையாடிக்கொண்டு ஒன்று, மினிபஸ்ஸின் ரேடியேட்டரில் ஒன்று. ஓர் அடுப்புக்கு ஒன்று, ஒரு தொழிலுக்கு ஒன்று, ஒரு சாமிக்கு ஒன்று என்று கணக்காகக் குடிவந்திருந்தன. ரேடியேட்டரைத் திறந்து பார்த்த ஓட்டுநர் சத்தமில்லாமல் மூடிவிட்டு அன்றிலிருந்து வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார், இன்ஜின் சூடேறக்கூடாது என்று மேட்டில் நிறுத்தி நிறுத்திப் போனார், பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை.

சிலர் சாக்கடையில் கொட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அதே பாத்திரத்தில் அதே குஞ்சு, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நின்றது. சிலர் பெரிய தொட்டிக்கு மாற்றினார்கள், அங்கேயும் தங்காமல் முதலில் வந்த பாத்திரத்துக்கே திரும்பிவிட்டது. சரி, வந்த பிள்ளையை எங்கே அனுப்புவது என்று ஊர் அதைச் சேர்த்துக்கொண்டது. வேட்டி முனையால் வடிகட்டித் தண்ணீர் குடிக்கப் பழகினார்கள். இட்லி அவித்தால் முதல் விள்ளல் மீனுக்குப் போயிற்று. குழாயடியில் "எங்க வீட்டுல மீன் இருக்கு, மொதக் குடம் எனக்கு" என்று ஒருத்தி சொல்ல, "எங்க வீட்டுல மட்டும் என்ன, முதலையா இருக்கு?" என்று இன்னொருத்தி கேட்க, முடிவில் எல்லோரும் முதல் பாதிக்குடம் பிடிப்பது என்று ஒப்பந்தமாயிற்று. பாகம் பிரிந்து பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி வீட்டில், பொதுச்சுவர் மேலே இருந்த மண்கலயத்தில் குஞ்சு வந்து இறங்கிவிட, காலையில் அண்ணன் இரை போட, மாலையில் தம்பி போட, மீன் என்ன தின்றது என்று ஒருவரையொருவர் கேட்டாக வேண்டியதாகிவிட்டது. ஓயாத சண்டைக்காரத் தம்பதி வீட்டில் குரல் உயர்ந்தால் குஞ்சு மூடியில் டக்கென்று முட்டும், உடனே குரல் தாழும். எல்லாவற்றுக்கும் பேர் வைத்தார்கள், அந்தோணியம்மாள் தன்னுடையதைச் சின்னவன் என்றாள். வெளியூர் போகிறவர்கள் சொம்பும் கையுமாகப் போனார்கள், கண்டக்டர் சொம்புக்குள் எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார்.

தூண்டில்காரர்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு குஞ்சும் வரவில்லை.

மரகதவல்லி தினமும் காலையில் குடத்து மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீர்தான் இருந்தது. சாகுல் பாய் வீட்டிலிருந்த பாத்திரங்கள் போதாதென்று, கடையில் பஞ்சர் பார்க்கிற தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் கொஞ்சம் தவிடும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆயுசு முழுக்க மீனையே நினைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு வராமல், மீனை நினைத்தும் பார்க்காத வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறதே என்று மரகதவல்லிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஆனால் அதற்கு மேலே சந்தோஷம் பொங்கியது. ஊர் முழுக்க மீன்மேல் பாசம் வைத்துவிட்டதே, இனி பண்ணை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் உண்டா? கடையை அரைநாள் பூட்டிவிட்டுச் சங்கத்துக்காரர்களைக் கூட்டினாள்.

"இப்ப விட்டா ஆள் கிடைக்காது பாய். எல்லாரையும் ஒரே எடத்துக்கு வரவைக்கணும்."

"வரவைக்கணும்னா சாப்பாடு போடணும்" என்றார் சாகுல் பாய். "சோறு போட்டா வராத சனம் உண்டா?"

அதுவும் சரி என்றார்கள். சங்கத்துக்கு ஆண்டுவிழா என்று ஒன்று வந்தால் அதற்கு ஒரே சாப்பாடுதான், தலைமுறை வழக்கம், ஆகவே யாரும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை, வாத்தியார்கூட யோசிக்கவில்லை. அரிசி ஆலை முற்றத்தில் பந்தல் போட்டு, அணைக்கட்டிலிருந்து மீன் வரவழைத்து, புளியும் மாங்காயும் போட்டுப் பெரிய வட்டையில் மீன்குழம்பு கொதிக்க வைத்தார்கள். தூண்டில்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வராது.

ஊர் வந்தது. மொத்த ஊரும் வந்தது. வீட்டில் தனியாக விட்டுவர மனசில்லாமல் ஆளுக்கொரு சொம்பு, குடம், டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு, மீனுக்காக நடக்கிற கூட்டமாயிற்றே என்று நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள். பந்தல் வாசலில் குழம்பு வாசனை எதிரே வந்து நின்றது. அத்தனை பாத்திரங்களிலும் அத்தனை குஞ்சுகளும் அடியில் போய் ஒடுங்கின. பென்ஷன்காரர் டம்ளரின் வாயைத் துண்டால் மூடினார்.

அந்தோணியம்மாள் முன்னால் வந்தாள். அன்றைக்குக் காலையில்தான் ஒரு நெய்மீனைக் கண்ணிமைக்காமல் துண்டு துண்டாகப் போட்டுவிட்டு வந்திருந்தாள். கேட்டால், அது கடல், இது எங்க வீடு என்பாள், அந்த நியாயத்தை ஊரும் ஒத்துக்கொண்டிருந்தது.

"பண்ணை எதுக்கு வேணுங்கீங்க? குஞ்சப் பெருசாக்கணும், ஆத்துல விடணும், நீங்க தூண்டில் முள்ளப் போட்டு இழுத்து இந்த வட்டையில போடணும். அதுக்குத்தான? எங்க சின்னவன ஒங்க கொழம்புக்கா நான் வளக்கேன்?" என்று கேட்டுவிட்டு, சொம்பை முந்தானையால் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தாள். ஊர் அவள் பின்னால் போயிற்று. வட்டையில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, தூண்டில்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அந்தோணியம்மாள் சொன்னது அத்தனையும் உண்மை என்று மரகதவல்லிக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஊருக்கு ஒரு கட்சி உண்டாகிவிட்டது. பண்ணை வேண்டாம், மைதானமே வரட்டும், மீன் வீட்டிலேயே இருக்கட்டும். முன்னே யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை, இப்போது எல்லோரும் வேண்டாம் என்று சொன்னார்கள். ஆதரவு திரட்டப் போய் எதிர்ப்பைத் திரட்டிய முதல் சங்கம் இதுதான் என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

ஆனால் மீன் வளர்ந்தது. ஊசி மாதிரி இருந்தது விரல் மாதிரி ஆயிற்று. குடத்தில் இருந்தவை எப்படியோ சமாளித்தன, சொம்பிலும் டம்ளரிலும் இருந்தவை திரும்ப முடியாமல் வில்லாக வளைந்து நின்றன. மாற்றினால் மறுநாளே திரும்பி வந்து அதே இடுக்கில் வளைந்தன. இட்லி விள்ளல் தொடப்படாமல் மிதந்தது. சண்டைக்காரர் வீட்டில் குரல் உயர்ந்தபோது மூடியில் முட்டுகிற சத்தம் வரவில்லை, புருஷனும் பெண்டாட்டியும் பயந்துபோய்ச் சண்டையை நிறுத்திக்கொண்டார்கள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், அந்தோணியம்மாள் கடைக்கு வந்து, மேஜையில் சொம்பை வைத்துவிட்டு, "ஏட்டி மரகதம், ஒரு ஜாக்கெட்டு தைக்கணும், அளவெடு" என்றாள். துணி ஒன்றும் கொண்டுவரவில்லை. மரகதவல்லி ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு டேப்பைத் தோளில் வைத்தாள்.

"அவன் திரும்ப முடியாம நிக்கான்" என்றாள் அந்தோணியம்மாள். "ஒரு பக்கமாவே பாத்துக்கிட்டு நிக்கான். நான் எத்தன மீன வெட்டியிருப்பேன், ஒண்ணு மூஞ்சிய நான் பாத்தது கிடையாது."

மரகதவல்லி ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பொரிச்ச தொட்டிக்குப் போனா அங்கயே நிப்பான் அக்கா. சங்கரபாண்டியும் அதத்தான் சொல்லுதாரு. கொஞ்சம் தேறினதும் ஆத்துல விட்டுரலாம். நாளைக்குத் தொட்டிய மூடிட்டா பெறகு போக எடம் இல்ல."

"ஆத்துல விட்டா கரையில நீ இருப்பியே."

மரகதவல்லி டேப்பைச் சுருட்டினாள். இருப்பேன், வேறு எங்கே போவேன் என்றுதான் அவள் மனசு சொன்னது. அந்தோணியம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள், அவள் இறக்கிவைத்த பாரம் கடைக்குள்ளேயே நின்றது.

சாயங்காலம் மரகதவல்லி சைக்கிள் கடைக்குப் போனாள். வாத்தியாரும் அங்கே இருந்தார்.

"முள்ள எல்லாம் குடுத்துருவோம் பாய்" என்றாள்.

"முள்ளில்லாம என்ன தூண்டிலு? சக்கரம் இல்லாத சைக்கிள எவனாவது மிதிப்பானா?" என்றார் சாகுல் பாய். "பேசாம தூண்டில ஒடச்சு அடுப்புல வச்சுரச் சொல்லு." சொன்னவர் பஞ்சர்த் தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யாரும் முடிவென்று எதையும் சொல்லாமல் கலைந்தார்கள்.

மறுநாள் பண்ணைத் திடலில் மருதமர நிழலில் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் பொக்லைன் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஊர் பாத்திரங்களோடு வந்தது, திடல் நிறைந்து பாதை நிறைந்து ஆற்றங்கரைப் படிவரை நின்றது, மினிபஸ்கூட மெல்ல ஊர்ந்து வந்து ஓரமாக நின்றது. வேண்டும் என்று சொல்ல வந்தார்களா, வேண்டாம் என்று சொல்ல வந்தார்களா என்று அவர்களுக்கே தெரியவில்லை, மீன் வாடுகிறது, வீட்டில் இருக்க முடியவில்லை, வந்துவிட்டார்கள்.

அதிகாரி நல்ல மனிதர்தான், முறைப்படி நடக்கிறவர். எழுந்து நின்று, "பண்ணை தொடர்ந்து நடக்கணும்னு விரும்புறவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் உயரவில்லை. எப்படி உயரும்? எல்லோருடைய இரண்டு கைகளிலும் பாத்திரம் இருந்தது. கையைத் தூக்க வேண்டுமானால் பாத்திரத்தைக் கீழே வைக்க வேண்டும், அந்த நெரிசலில் கீழே வைத்தால் எவன் காலாவது இடறும்.

"ஒருத்தர்கூட இல்லையா?" அதிகாரிக்கே சங்கடமாக இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார், கொஞ்ச நேரம் காத்தும் பார்த்தார், பிறகு பொக்லைன்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

மரகதவல்லிக்குக் கால் தானாக நடந்தது. இடுப்பில் செருகியிருந்த பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி அந்தோணியம்மாளிடம் போனாள். டப்பாவைத் திறந்து காட்டினாள், சின்னதும் பெரிதுமாக அவள் சேர்த்து வைத்திருந்த முட்கள் அத்தனையும் எண்ணெய்த் துணியில் படுத்திருந்தன. மூடி, அந்தோணியம்மாளின் மடியில் செருகினாள்.

"எங்கிட்ட இருந்தது அம்புட்டும் இதுதான் அக்கா."

"நாளைக்கே கடையில வேற வாங்கிருவ."

"வாங்கலாம். கடை இருக்கு" என்றாள் மரகதவல்லி. "வாங்க மாட்டேன்."

அந்தோணியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். அதற்குள் சாகுல் பாய் வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பென்ஷன்காரரின் பையில் போட்டார். வாத்தியார் தன்னுடையதை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார். வாயைத் திறக்கத் தெரியாத தூண்டில்காரர்கள் ஒவ்வொருவராக, ஒரு வார்த்தை பேசாமல், ஊருக்குள் நுழைந்து நுழைந்து முள்ளைக் கொடுத்துக்கொண்டே போனார்கள், ஆண்டாண்டாகத் தீட்டி வைத்திருந்த முள், அப்பா கொடுத்த முள், சிங்கப்பூரிலிருந்து மச்சான் அனுப்பிய முள், எல்லாம் மடிக்கும் பைக்கும் முந்தானை முடிச்சுக்கும் போயிற்று.

அந்தோணியம்மாள் தொட்டியை நோக்கி நடந்தாள். பொக்லைன் வாளிக்கு நேர் கீழே போய் நின்று, அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சொம்பைச் சரித்தாள். மீன் வரவில்லை. விளிம்பில் வந்து நின்றது. "போ சின்னவனே. எடம் இருக்கு, போய் ஒரு தடவ திரும்பு" என்றாள். வழுக்கிக்கொண்டு விழுந்தது. விழுந்ததும் ஒரு திரும்பு திரும்பியது, இன்னொரு திரும்பு திரும்பியது, பிறகு தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தது, அவள் வெறும் சொம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கையைத் தூக்கினாள்.

பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் பின் ஒருவராக, பிறகு நாலு பேராக, பிறகு தொட்டிக்கு நாலு பக்கமும் நெருக்கிக்கொண்டு, பேர் சொல்லிச் சொல்லிக் கொட்டினார்கள், கொட்டக் கொட்டக் கை உயர்ந்தது, பூசாரியின் கை உயர்ந்தது, பள்ளிவாசல் மோதினாரின் கை உயர்ந்தது, மாதா கோயில்பிள்ளையின் கை உயர்ந்தது, டம்ளரோடும் பல்செட்டோடும் பென்ஷன்காரரின் கை உயர்ந்தது, மினிபஸ்காரர் ரேடியேட்டரிலிருந்து வாளியில் பிடித்து ஓடிவந்து கொட்டிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். உயர்ந்த கைகளிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, மரகதவல்லி தைத்த ஜாக்கெட்டுகளையெல்லாம் நனைத்தது. அதிகாரி எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். பொக்லைன்காரர் யாரும் சொல்லாமலே இன்ஜினை அணைத்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"குறிச்சுக்கிட்டேன், கையை இறக்குங்க" என்றார் அதிகாரி. யாரும் இறக்கவில்லை.

பண்ணை மூடப்படவில்லை. மறுநாள் காலையில் ஊர் எழுந்து பாத்திரங்களைத் திறந்து பார்த்தது, தண்ணீர் மட்டும் இருந்தது. வேட்டி முனையை எடுத்துவிட்டு நேராகக் குடித்தார்கள், ஒருவருக்கும் அந்தத் தண்ணீர் ருசிக்கவில்லை. தினமும் யாராவது பண்ணைக்குப் போய்த் தொட்டியருகே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வந்தார்கள், சங்கரபாண்டிக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. மழை பெய்து ஆறு நிறம் மாறியதும் மேளம் வைத்துக் கசத்தில் விட்டார்கள்.

தூண்டில்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய இடத்தில், பழைய நேரத்தில், முள்ளில்லாத நரம்பைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தார்கள். கரையில் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மரகதவல்லியின் தக்கை மட்டும் அசையவே இல்லை. கடையில் கேட்டதெல்லாம் தோளில் ஏறிக்கொண்டே வந்தது, இறங்குகிற வழி தெரியவில்லை, கொடுத்தது தப்போ என்று ஒரு நாளும் அவள் நினைக்கவில்லை, ஆனால் களைத்துப்போயிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தோணியம்மாள் சந்தைக்குப் போகாமல் கரைக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் தண்ணீரில் இறங்கிய நேரத்தில் தக்கை ஒரு தடவை நடுங்கியது. பிறகு முங்கியது. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது.

அந்தோணியம்மாள் துள்ளி எழுந்தாள். "ஏட்டி, முள்ளு போட்டிருக்கியா?"

"இல்லக்கா. வெறும் நரம்பு."

"பெறகு எப்படி மாட்டுச்சு?"

மரகதவல்லி இரண்டு கைகளாலும் கம்பைப் பிடித்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டலக்கா" என்றாள். "அதுவா விட மாட்டேங்கு."

அந்தோணியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கி, அவளோடு சேர்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீயும் விட்டுராத" என்றாள்.